அஜய் நதிக்கரைப் பயணமும் ஒரு பட்டை ஸ்பிரிங்கும்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர்களுள் பூரிக்கும் காசிக்கும் கயைக்கும் சென்று வந்தவர் பலர். இதே மாநிலத்தில் இருக்கும் கேந்துலியைக் கண்டவர் சிலரே. நம் நாட்டுப் பஜனை மடங்களில் அஷ்டபதி பாடாமல் ராதா கல்யாணம் நடைபெறுவதில்லை. அந்த 24 அஷ்டபதிகளைக் கொண்ட கீத கோவிந்தத்தை 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஜயதேவர் பிறந்த ஊர் இதுவே என்பது வங்காளத்தாரின் நம்பிக்கை. ஒடிசா மாநிலத்தார் தங்கள் நாட்டுக் கேந்துலியே அவ்வூர் என்பர். அவ்வழக்கில் நாம் தலையிட வேண்டுவதில்லை. மகர சங்கராந்தியன்று, அதாவது நம் பொங்கல் திருநாளன்று, இங்கே அஜய் நதியில் மக்கள் திரளாக நீராடுகின்றனர். பாவுல் பாடகர்கள் கூடி இரவெல்லாம் பாடுகின்றனர்.

அஷ்டபதியை அறுபது ஆண்டுகளாகப் பாடிவரும் எங்கள் தாயாருக்கு 78 வயது. ஒருமுறையேனும் அந்நதியில் நீராட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். ஆகவே போகிப் பண்டிகையன்று காலையில் எங்கள் அம்பாசடர் காரில் புறப்பட்டோம். இவ்வண்டியைச் செய்து வந்த உத்தரபாரா தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. எனினும் பழகிய வண்டியை விட எங்களுக்கு மனம் வரவில்லை.

டான்குனியைக் கடந்தால் சாலை அகன்று நீள்கிறது. சக்திகரில் வண்டியை நிறுத்தி ‘லாங்சா’ என்னும் இனிப்பை வாங்காமல் செல்வோர் அரியர், நாங்களும் வாங்கினோம். பர்தமானைத் தாண்டியபின் இருமருங்கிலும் அறுவடை முடிந்த நெல்வயல்கள். தஞ்சைச் சீமையை நினைவூட்டும் அக்காட்சியில் நாங்கள் ஆழ்ந்திருந்தபோது, பின்புறத்தில் ‘படார்’ என்று ஓர் ஓசை எழுந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சக்கரம் மட்கார்டில் உராயும் நாற்றமும் வந்தது.

இறங்கிப் பார்த்தோம். அம்பாசடரின் பின்சக்கர அச்சை இருபுறமும் தாங்குவது பட்டை ஸ்பிரிங். வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள், நீளம் குறைந்துகொண்டே வரும் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் நீளமான முதற்பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பட்டு வண்டியின் உடலோடு பிணைந்திருக்கும். அந்த முதற்பட்டைதான் நடுவில் முறிந்திருந்தது. ஓட்டுநர் அச்சுக்கும் உடலுக்கும் இடையே மரக்கட்டையைச் செருகிக் கயிற்றால் இறுகக் கட்டினார். மாட்டு வண்டியின் வேகத்தில் பானாகர் போய்ச் சேர்ந்தோம்.

பானாகர் என்றால் வங்காளத்து லாரிக்காரர்களுக்குப் பழைய வண்டிகளின் சந்தை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படை இங்கே தளம் அமைத்திருந்தது. இன்று அது நம் விமானப்படையின் தளமாகும்; 2016-ஆம் ஆண்டில் மார்ஷல் அர்ஜன் சிங்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பழைய சாலையின் ஓரத்தில் பிரித்துப்போட்ட லாரிகளும் ஜீப்புகளும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. எஞ்சின் ஒரு கடையில், கியர்ப்பெட்டி மற்றொரு கடையில், கதவுகள் வேறொன்றில் விற்கின்றன.

முதலில் பார்த்த பட்டறையில் ஓர் இளைஞர், “அரை மணியில் பற்றவைத்துத் தருகிறேன், இருட்டுமுன் போய்விடலாம்” என்றார். பக்கத்துப் பட்டறையிலிருந்து முதிய சர்தார்ஜி ஒருவர் எழுந்து வந்தார். முறிந்த பட்டையை விளக்கொளியில் எங்களுக்குக் காட்டினார். நடு ஆணிக்காகத் துளையிட்ட இடத்தில் முறிவின் ஒரு பாதி கறுத்துத் துருவேறியிருந்தது. மறுபாதி வெள்ளிபோல் மின்னியது. “கறுத்த பாதி பல நாளுக்கு முன்பே விண்டது, மின்னும் பாதி இன்று போனது” என்றார். காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றிய எஃகு அது. பற்றவைக்கும் சூட்டில் பதம் கெட்டு, ஒட்டின் பக்கத்திலேயே மீண்டும் முறியும் என்றும் விளக்கினார். வேறு பட்டை மாற்ற மூன்று மணி நேரமாகும்.

நாங்கள் தாயாரின் முகத்தைப் பார்த்தோம். “ஸ்நானம் விடியற்காலையில்தானே? இரவு முழுவதும் இருக்கிறது. அவர் சொல்கிறபடி செய்யட்டும்” என்றார்.

சர்தார்ஜி வண்டியின் உடலை உயர்த்தி மரக்கட்டைகளில் நிறுத்தி, அச்சுக்கு வேறொரு ஜாக்கி கொடுத்தார். ‘யு’ வடிவப் போல்ட்டுகளைக் கழற்றிப் பட்டைக் கட்டை இறக்கினார். அதை வைஸில் இறுக்கிய பின்னரே நடு ஆணியை எடுத்தார். இல்லையேல் பட்டைகள் துள்ளி ஆளையே தாக்கும். குவியலில் தேடி எடுத்த பட்டையின் வளைவை வலப்பக்கத்துப் பட்டையோடு அளந்து ஒப்பிட்டு, கிரீஸ் தடவி அடுக்கினார். போல்ட்டுகளை மாறிமாறிச் சமமாக முடுக்கினார். முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை மட்டும் வண்டி தரையில் இறங்கித் தன் பாரத்தில் நின்றபின்பே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியுமாம்.

வேலைக்கிடையே பேச்சு வளர்ந்தது. அவர் தந்தையார் பஞ்சாபிலிருந்து வந்தவர். தாம் பிறந்ததும் வளர்ந்ததும் பானாகரில். “உங்கள் பெண்ணுக்கு உங்கள் எழுத்துத் தெரியுமா?” என்று கேட்டார். எங்கள் மகள் பட்டறைக் கதவில் சாக்கட்டியால் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். அவருடைய பேத்தி அதன்கீழ்த் தன் பெயரைக் குர்முகியில் எழுதினாள். “கடையில் வங்காளி, வீட்டில் பஞ்சாபி. வீட்டில் விட்டால் பிறகு எங்கும் கிடைக்காது” என்றார் சர்தார்ஜி. ‘மாதாஜி’ குடித்த தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை.

இரவு இலாம்பஜார் பாலத்தில் அஜய் நதியைக் கடந்தோம். சால மரக்காட்டின் மேடுபள்ளங்களில் வண்டி சாயாமல் சென்றது. விடியற்பனியில் முழங்காலளவு நீரில் தாயார் நீராடினார். கரையேறி, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ராதாவினோதர் கோயிலின் சுடுமண் சிற்பச் சுவரருகே அமர்ந்து மெல்லப் பாடினார். ஏக்தாராவுடன் நின்ற பாவுல் ஒருவர் தம் வாத்தியத்தை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார். மொழி வேறு, மெட்டு வேறு. பாட்டை மட்டும் அவர் அறிந்துகொண்டார்.

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்பும் அன்பர்கள் சங்கராந்திக்கு முதல்நாளே சென்று சேர்தல் நலம். கம்பளம் அவசியம் வேண்டும். பழைய வண்டியில் செல்வோர் புறப்படுமுன் பட்டைகளில் விண்டல் உண்டா என்று பார்த்துக்கொள்க. புதுப்பட்டை போட்டவர்கள் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ‘யு’ போல்ட்டுகளை மீண்டும் முடுக்குவிக்க வேண்டும். சர்தார்ஜி சொல்லியனுப்பியபடி, திரும்பும் வழியில் பானாகரில் நின்று நாங்களும் அவ்வாறே செய்துகொண்டோம். கையோடு கொண்டு சென்றிருந்த கரும்பில் ஒரு கழியை அவர் பேத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.