தெரியாதுன்னு சொன்னா தீர்ந்துருமா?

விடியக்காலம் சுரண்டை மார்க்கெட்டில் கத்தரியும் வெண்டையும் கேரளாவுக்கு லோடு ஏறும். மருந்தடித்து எத்தனையாம் நாள் பறித்தது என்று எந்தச் சாக்கிலும் எழுதியிருக்காது.

"கடைக்காரர் கொடுத்தாரு, அடிச்சோம். எங்களுக்கு என்ன தெரியும்?" எங்க ஊர் விவசாயி இப்படிச் சொன்னால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. அதை அவர் வரப்புக்குக் கொண்டுபோயிருக்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்குகிற அதிகாரிகளும், விற்று லாபம் பார்க்கிறவர்களும். முதல் கேள்வி அவர்களுக்குத்தான்.

மீதிப் பாதி? டப்பாவில் மண்டையோடு இருக்கிறது, சிவப்பு முக்கோணம் இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் அதைப் போட்டார்கள். வீட்டுச் சமையலுக்கு மட்டும் மருந்து படாத பாத்தி ஒன்று தனியாக இருந்தால், அங்கே அறியாமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

2013 ஜூலையில் பீகார் சாப்ரா பக்கம் இதே மோனோகுரோட்டோபாஸ் கலந்த பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரம்மா முன்னாடியே சொன்னதாகச் செய்திகள் வந்தன. 2016-ல் தலைமை ஆசிரியைக்குச் சிறைத்தண்டனை. விஷம் என்று அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒருத்தி சொன்ன பிறகும் விசாரிக்காமல் விட்டதை எப்படி மன்னிப்பது? எனக்கு மனசு வரவில்லை.

நம்ம ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கணும் என்று மருந்துக் கடையில் பில்லிலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.