பட்டினிக்குப் பிறகு முதல் கவளம்



ஏ-9 வீதியில் ஓமந்தையைக் கடக்கும்போதெல்லாம் என் பார்வை வீதியோரம் போகும். 2015 வரை அங்கே இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து வந்த சனங்களை அங்கே இறக்கிச் சோதித்துத்தான் செட்டிகுளம் மெனிக் பாமுக்கு அனுப்பினார்கள். அரிசியும் உப்பும் தண்ணீருமான கஞ்சியில் உயிரைப் பிடித்து வந்தவர்கள். அப்படி வந்த ஒருவரைக் கண்டால் யாருக்கும் அள்ளி அள்ளிப் போடத்தான் மனம் வரும். அந்த நல்ல மனமே ஆபத்தாகலாம் என்பதைப் பின்னொரு நாள் எங்கள் வீட்டில்தான் படித்தேன்.

மாமா வபாத்தானபின் மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, இத்தா இருந்தார். சோற்றைத் தொடவில்லை. பன்னிரண்டு நாளும் வெறும் பிளேன்டீதான். பிறகு புத்தளத்திலிருந்து மகன்மார் வந்து, "நீங்க சாப்பிடாட்டி நாங்களும் சாப்பிட மாட்டோம் உம்மா" என்று அழுததும் இளகிவிட்டார். நெய்ச்சோறு, வட்டிலப்பம், பேரீச்சம்பழம், குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. பேத்தியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கவலைதான் காரணம் என்றார்கள். ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். ஓதினேன். ஓதிய கையோடு வாகனமும் பிடித்தேன்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் சாப்பிடவில்லை?" என்பதுதான். இரத்தத்தில் பொஸ்பேட் என்ற சத்து ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். மாமிக்கு 1க்கும் கீழே.

அவர் விளக்கியது இது. பட்டினியில் உடம்பு தன் கொழுப்பை எரித்து ஓடுகிறது. பொஸ்பேட் இருப்பு மெல்லக் கரைகிறது. இரத்தத்தில் மட்டும் அளவு சரிபோலத் தெரியும். திடீரென்று சோறும் சீனியும் உள்ளே போனால் இன்சுலின் சுரக்கிறது. அந்த உணவைச் சக்தியாக்க உடற்கலங்கள் இரத்தத்திலுள்ள பொஸ்பேட்டை இழுத்துக்கொள்கின்றன. பொட்டாசியமும் மக்னீசியமும் கூடவே இறங்கும். இதயமும் மூச்சுத் தசையும் தளரும். 1945 இல் நாஸிகளின் பெர்கன்-பெல்சன் முகாம் விடுவிக்கப்பட்டபோது, இரங்கிய படைவீரர்கள் கொடுத்த கொழுத்த உணவை உண்டு இறந்தவர்கள் பலர்.

ஐந்து நாளுக்கு மேல் அநேகமாக ஒன்றும் உண்ணாதவருக்கே இந்த ஆபத்து உண்டு. பத்து நாள் தாண்டினால் மிக அதிகம். மசக்கையில் வாரக்கணக்காக வாந்தியெடுத்த பிள்ளை, நோயில் கிடந்த முதியவர் எல்லோரும் இதில் அடக்கம். இப்படிப்பட்டவருக்கு வழமையான உணவில் பாதியோ அதற்கும் குறைவோ கொடுத்துத் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். அதற்கு முன்பே தயமின் என்ற பி1 விற்றமினையும் டொக்டர் கொடுப்பார். பத்து நாள் தாண்டியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியல்ல. ரமழான் நோன்பாளிகள் பயப்பட வேண்டாம். ஒவ்வோர் இரவும் சாப்பிடுகிறோமே.

பொஸ்பேட் குறைய வேறு வழிகளும் உண்டு. நெஞ்செரிவுக்கு அலுமினியம் சேர்ந்த மருந்தை மாதக்கணக்காகக் குடிப்பது, வெயில் படாமல் விற்றமின் டி குறைவது (வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்கள் கவனிக்க, முற்றத்து வெயிலுக்குப் பர்தா தடையில்லை), சீனி வியாதி முற்றி இன்சுலின் ஏற்றும்போது, இரத்தச்சோகைக்கு ஏற்றும் சிலவகை இரும்பு ஊசி. மதுவும் ஒரு பெரிய காரணம். அதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

இத்தாவில் மார்க்கம் தடுத்தது அலங்காரத்தை, சோற்றையல்ல. மரணம் நிகழ்ந்த வீட்டில் ஆயிஷா (ரழி) அவர்கள் 'தல்பீனா' என்ற வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது துயருற்ற உள்ளத்துக்கு ஆறுதல் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைக் கேட்டிருந்தார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீஸை வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான். மாமியின் வீட்டில் முதல் நாளே ஒரு கோப்பை கஞ்சி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் பொஸ்பேட்டைச் சேலைனில் கலந்து மெதுவாக ஏற்றினார்கள். சாப்பாடு அளந்துதான் வந்தது. ஐந்தாம் நாள் மனைவி கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். மாமி இரண்டு மிடறு விழுங்கிவிட்டு, "உப்புப் பத்தாது புள்ள" என்றார்.