கட்டெறும்பு வளர்த்த கதை

"நாய் வளர்க்கிறேன்னு சொல்லு, மீன் வளர்க்கிறேன்னு சொல்லு. எறும்பு வளர்க்கிறேன்னு வெளியில சொல்லிடாதடா, எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்." இது எங்கம்மா.

போன வருஷம் ஒரு மழை ராத்திரி, மொட்டை மாடி டியூப் லைட்டுக்குக் கீழே பெரிய கட்டெறும்பு ஒண்ணு அலைஞ்சிட்டிருந்துச்சு. பெருத்த வயிறு, முதுகுல றெக்கை ஒடிஞ்ச தழும்பு. ராணியேதான்! கல்யாணம் முடிஞ்சதும் மாப்பிள்ளை செத்துப்போவார். ராணி றெக்கையைத் தானே ஒடிச்சுப் போட்டுட்டு குழி தேடும். அன்னைக்கு வாங்கி வச்ச விந்துதான் ஆயுசு முழுக்க. ஐரோப்பாவுல கருப்புத் தோட்ட எறும்பு ராணி ஒண்ணு வளர்ப்புல 28 வருஷத்துக்கு மேல இருந்திருக்கு. நம்ம வீட்டு நாய் கூட அவ்வளவு நாள் இருக்காது.

லேப் சாமான் கடையில ஒரு டெஸ்ட் டியூப் வாங்கினேன். அடியில தண்ணி, அதை அடைச்சு பஞ்சு, அப்புறம் ராணி, வாயில இன்னொரு பஞ்சு, சுத்தி கருப்புப் பேப்பர். வீடு ரெடி. சாப்பாடு கூட வேண்டாம். இனிமே தேவைப்படாத றெக்கைத் தசையைக் கரைச்சே முதல் குஞ்சுகளை வளர்த்துடும். பி.காம். பாஷையில சொன்னா முழுக்க சொந்த முதல், வெளிக்கடன் பைசா இல்லை :-)

நம்ம வேலை சும்மா இருக்கிறது. அதுதான் நமக்கு வராதே! தினமும் பேப்பரைத் தூக்கிப் பார்த்ததுல, மிரண்டு போய் முதல்ல போட்ட முட்டையையெல்லாம் ராணியே தின்னுடுச்சு. அப்புறம் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டி, சாவியை அம்மாகிட்ட குடுத்தேன். ஒன்றரை மாசம் கழிச்சுத் திறந்தா ஆறு வேலைக்காரிகள். வெளியில பாக்குற கட்டெறும்புல பாதி சைஸ்கூட இல்லை. தேன் தண்ணி வச்சேன். ஒண்ணு குடிச்சிட்டுப் போய் மத்ததுக்கு வாயோட வாய் வச்சு ஊட்டுச்சு. பகிர்ந்து குடுக்கிறதுக்குன்னே வயித்துல தனிப் பை இருக்கு அதுகளுக்கு.

ஒரு நாள் பஞ்சைச் சரியா அடைக்காம காலேஜுக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா மூணைக் காணோம். மேஜையைச் சுத்தி வெள்ளைக் கோடு. வாசல்ல அரிசிமாவுக் கோலம் போட்டு "எறும்பு தின்னட்டுமே"ங்கிற அதே அம்மாதான், உள்ளே எறும்பு சாக்பீஸும் போடுறது. ரெண்டு கோட்டுமேலேயே செத்துக் கிடந்துச்சு. மூணாவது தள்ளாடிக்கிட்டே டியூப் வாய்க்கு வந்துடுச்சு, காலெல்லாம் மாவு.

உள்ளே விட்டா மத்ததுங்க நக்கிச் சுத்தம் பண்ணும். அப்புறம் அதே வாயால ராணிக்கு ஊட்டும். பஞ்சை அழுத்தி அடைச்சேன். அது வெளியில நின்னு மீசையால பஞ்சைத் தடவிக்கிட்டே இருந்துச்சு, ஒரு கால் மணி நேரம். பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவைத் திட்டக்கூட வாய் வரலை, பஞ்சை ஒழுங்கா அடைக்காதது நான்தானே.

இப்போ நாப்பது பேர் இருக்காங்க. சாக்பீஸ் போடறதுக்கு முன்னாடி, "உன் ஆளுங்க எல்லாம் உள்ளதான இருக்கு?"ன்னு அம்மா கேக்கறாங்க.