யார் துடைக்கவில்லை?

எங்கள் குசினியில் கோப்பை கழுவும் மெஷின் நின்றால் கழுவுகிற பெடியனுக்குத்தான் முதல் ஏச்சு. மெஷினை ஒருவரும் திறந்து பார்க்கமாட்டினம். எனக்கு உடனே வியட்நாமுக்குப் போன எம்16 ஞாபகம் வரும். (யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குத் துவக்குப் பெயர்கள் பாடமாக்காமலே வரும்.)

1960களின் நடுவில் அதை அமெரிக்கப் பெடியளிடம் கொடுத்தபோது, பெரிதாகத் துடைக்கத் தேவையில்லை என்ற கதையும் கூடவே போனது. துடைக்கிற சாமான்கள் போதவில்லை. சுட்டபிறகு வெறுங்கோது உள்ளே இறுகிவிடும். சண்டைக்கு நடுவில், குழல் வாய்க்குள்ளால் கம்பியை விட்டு இடித்து எடுக்கவேணும். 1967இல் கே சான் மலைகளில் மாட்டுப்பட்டவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். மேலிடமோ, அவங்கள் ஒழுங்காகத் துடைக்கவில்லை என்றது.

அந்த வருடமே காங்கிரஸின் இக்கோர்ட் குழு விசாரித்தது. முதலில் பாவித்த வெடிமருந்தை இடையில் மாற்றியிருக்கிறார்கள். அதனால் சுடும் வேகமும் கூடியது, கரியும் கூடியது. தோட்டா இருக்கும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, ஈரத்தில் துருப்பிடித்தது. அறிக்கை மேலிடத்தைத்தான் கடுமையாகச் சாடியது.

பிறகு பூச்சுப் பூசினார்கள். 1968இல் வில் ஐஸ்னர் வரைந்த சித்திரக்கதைப் புத்தகம்கூடக் கொடுத்தார்கள், துடைக்கப் பழக்க. அதற்குமுன் செத்தவர்களின் தாய்மாரிடம் போய், உங்கட பிள்ளையில் பிழையில்லை அம்மா என்று யார் சொன்னது?