ஒரு கண்ணாடிக்கு 11 மாதம்!

மகள் பர்மிங்ஹாமில் இருக்கிறாள். போன ஜூன் மாதம் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். பேரன் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு வேலை என்ன? ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதுதான்.

எதிர்வீட்டில் தினமும் காலை 10 மணிக்கு ஒரு காட்சி. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வெளியே வருவார். வாசலில் மூடியிருக்கும் துணிப் போர்வையை மெல்ல விலக்குவார். உள்ளே, கரும்பச்சை நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். என் இடுப்பு உயரம்தான் இருக்கும். அதை இரண்டு சுற்று சுற்றி வருவார். பானெட்டைத் திறப்பார், மூடுவார். மறுபடி போர்வை. பெரும்பாலான நாள் அவ்வளவுதான்.

“அப்பா, அவர்கிட்ட காரைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க. சாயங்காலம் ஆயிடும்” என்று மகள் எச்சரித்தாள்.

கேட்டேன். ஆயிற்று.

மனிதர் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் சின்ன வயது ஆசையைத் தீர்த்துக்கொண்டார். காரைச் செய்தது இங்கிலாந்தின் சிறிய கம்பெனி ஒன்று. பெயர் வேண்டாம், அது மூடியே பல வருடம் ஆகிறது. அந்த மாடலில் மொத்தமே சில நூறு வண்டிகள்தான் வெளிவந்தனவாம். “நான் ரிட்டயர் ஆனது ஸ்கூலிலிருந்து மட்டும்தான். அதுக்கப்புறம் இந்த கார்தான் எனக்கு முழுநேர உத்தியோகம்” என்று சிரித்தார்.

மூன்று வருடத்துக்கு முன் நெடுஞ்சாலையில் போகும்போது, முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன்பக்கக் கண்ணாடியில் விரிசல். சாதாரண காராக இருந்தால் ஒரு போன் போதும். வேனில் ஆள் வந்து வாசலிலேயே மாற்றிவிட்டுப் போய்விடுவார். இவர் போன் செய்தபோது, இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பெண் மூன்று தடவை மாடல் பெயரைக் கேட்டுவிட்டு, “ஐயா, அப்படி ஒரு காரே எங்கள் கம்ப்யூட்டரில் இல்லையே” என்றாளாம். கார் வாசலில் நிற்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை!

விரிசலோடு ஓட்டவும் முடியாது. பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. ஓட்டுநரின் நேர்பார்வையில் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய சேதம் இருந்தால் ஃபெயில்.

வளைந்த கண்ணாடிக்கு அச்சு வேண்டும். ஒரே ஒரு கண்ணாடிக்காக எந்தத் தொழிற்சாலையும் அச்சு ஏற்றாது. கடைசியில், அதே மாடல் வைத்திருப்பவர்களை நாடு முழுக்கத் தேடிப் பிடித்து, இருபது பேரிடம் முன்பணம் வாங்கி, எல்லோருக்குமாகச் சேர்த்துச் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். 11 மாதம் ஆனதாம். அடிபட்ட மனிதர் ஆயிற்றே, இவர் இரண்டாக வாங்கிவிட்டார். உபரிக் கண்ணாடி கம்பளியில் சுற்றி விருந்தினர் அறைக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. “எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளி புரண்டு படுக்கக் கூடாது” என்றார் அவர் மனைவி. அவர் சிரிக்கவில்லை.

அந்த அம்மாளின் கோபம் நியாயமானதுதான். பிள்ளைகள் வேறு ஊரில். இவருக்கோ முழங்கால் வலி. விற்றுவிடலாம் என்று முடிவாகி, ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஒருவர் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்திய வியாழக்கிழமைதான் என்னிடம், “மால்வெர்ன் போறேன், வர்றீங்களா? சாகாத சின்ன கம்பெனி ஒண்ணு அங்கே இருக்கு. இதை விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அங்கே ஓட்டிட்டுப் போகணும்” என்றார்.

உள்ளே ஏறுவதே ஒரு யோகாசனம். முதலில் உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட முதுகெலும்புக்குத் தந்தி அடித்தது. கத்தித்தான் பேச முடிந்தது. ஆனால் வளைவுகளில் அந்த கார் திரும்பியதே, அது வேறு. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பெரியவருக்கு முப்பது வயது குறைந்திருந்தது.

இங்கிலாந்தின் சமவெளியில் திடீரென்று சுவர் எழுப்பியதுபோல நிற்கிறது மால்வெர்ன் மலைத்தொடர். மிக உயர்ந்த சிகரமே 425 மீட்டர்தான். நம் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ஊற்று நீருக்குப் பெயர் போன ஊர். சரிவில் அடுக்கடுக்காக விக்டோரியா காலத்து வீடுகள். தெருவில் இன்னமும் எரிவாயு விளக்குகள்.

இந்த ஊரின் பிக்கர்ஸ்லீ சாலையில்தான் மார்கன் கார் தொழிற்சாலை. பாதிரியார் ஒருவரின் மகன் எச்.எஃப்.எஸ். மார்கன், 1909-ல் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து பார்த்ததில் தொடங்கிய கதை. 2019-ல் ஓர் இத்தாலிய முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் பெரும்பங்கு போகும்வரை குடும்பத் தொழிலாகவே இருந்தது. சீட்டு வாங்கினால் நாமும் உள்ளே சுற்றிப் பார்க்கலாம்.

கார் தொழிற்சாலை என்றால் ரோபோ, தீப்பொறி என்று எதிர்பார்த்துப் போன எனக்கு மூக்கில் முதலில் ஏறியது மரத்தூள் வாசனை. ஆம், மரம்! கிரிக்கெட் ஸ்டம்ப் செய்யும் அதே ஆஷ் மரம். காரின் அடிச்சட்டம் உலோகம்தான். 1936-லிருந்து எஃகு, இப்போது அலுமினியம். அதன் மேல் மரத்தால் ஒரு கூடு. கூட்டின் மேல் அலுமினியத் தகடு. சக்கரத்துக்கு மேலே வரும் வளைவுக்காக மெல்லிய மரப் பட்டைகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி வளைக்கிறார்கள். ஒருவர் உளி பிடித்துக் கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். பெல்ட் எதுவும் ஓடவில்லை. வேலை முடிந்ததும் காரைக் கையால் தள்ளி அடுத்த கொட்டகைக்குக் கொண்டுபோகிறார்கள்.

வருடத்துக்குச் சில நூறு கார்கள்தான். பெரிய கம்பெனி ஒன்று ஒரே நாளில் அதைவிட அதிகம் செய்துவிடும். 1990-ல் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக வந்த தொழில் நிபுணர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ், ‘வாடிக்கையாளர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், உற்பத்தியைக் கூட்டுங்கள்’ என்று யோசனை சொன்னார். குடும்பம் அதை அப்படியே ஏற்கவில்லை.

என் நண்பர் உளி வேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். “கையால பொருத்தினா ஒரு கதவு மாதிரி இன்னொரு கதவு இருக்காது. என் காருக்கு இதே மாடல்ல இன்னொரு கார்க் கதவை வாங்கினேன். விரல் நுழையுற அளவுக்கு இடைவெளி. ராவி ராவி உட்கார வைக்க நாலு வாரம் ஆச்சு. அழகுன்னு எதை வாங்கினேனோ, அதுதான் தொல்லை” என்றார்.

மலையில் பாதி தூரம் ஏறி, டீ குடிக்க உட்கார்ந்தோம். சின்ன கம்பெனிகள் எல்லாவற்றையும் தாமே செய்வதில்லை என்று அங்கேதான் விளக்கினார். லோட்டஸ் எஸ்பிரிட் போன்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காருக்கே கதவுக் கைப்பிடி, மோரிஸ் மரீனா என்ற சாதாரணக் குடும்ப காருடையதுதான். இன்ஜினும் அப்படியே. மார்கன் ப்ளஸ் 8 என்ற கார் 1968-லிருந்து 2004 வரை ரோவரின் வி8 இன்ஜினில்தான் ஓடியது. பெரிய கம்பெனி ஒரு பொருளை நிறுத்தினால் சின்னவருக்குத் திண்டாட்டம். சின்னவரே போய்விட்டால், எந்த பாகம் எந்த காரிலிருந்து வந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இவர் அதையெல்லாம் தேடி, 40 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கைப்பிடி எந்த வேனுடையது, திசை விளக்கு எந்த காருடையது, எல்லாம்.

“காரோட நோட்டையும் கொடுத்துடுவீங்களா?” என்றேன்.

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை.

திரும்பும்போது மழை. கூரைத் துணியை மாட்ட வேண்டும். பொத்தான், கொக்கி, கம்பி என்று பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. மாட்டி முடித்து உட்கார்ந்ததும் மழை நின்றுவிட்டது. என் பக்கத்து சீட்டு முழுக்க ஈரம். வீட்டு வாசலில் என் மனைவி என் வேட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் துண்டை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் காலையிலேயே இடம் பிடித்துவிட்டேன். வந்தவர் இளைஞர், முப்பத்தைந்து வயது இருக்கும். இருவரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்கள் வாத்தியார் நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு கோளாறாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். விற்கிறவர் இப்படிச் சொல்வாரா! ஒரு மணி நேரம் கழித்து இளைஞர் தனியாகத் திரும்பிப் போனார்.

தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டேன்.

“புதன்கிழமை பதில் சொல்றேன்னு போயிருக்கார்.”

“பயந்துட்டாரோ?”

“இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்” என்றார் பெரியவர், போர்வையை இழுத்து மூடிக்கொண்டே. “கட்டிலுக்கு அடியில் இருக்கிற கண்ணாடியும் சேர்த்துத்தானேன்னு.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “சேர்த்துத்தான்னு சொல்லுங்க!”