கண்ணை மூடச் சொல்பவர் யார்?



தை மாதத்து ஆற்றுத் திருவிழா முடிந்து, தென்பெண்ணை மணலில் கடைக்காரர்கள் பந்தல் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், மணலூர்பேட்டையில் என்னைக் காண ஒரு தாய் வந்தார். பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகளுக்குத் தகப்பன் இறந்த நாள் முதலாக உறக்கமில்லை. சில வேளைகளில் கைகால் வெட்டி மயங்கி விழுவதும் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்று அவர் கையில் கசங்கியிருந்தது. ஹிப்னாடிசத்தின் மூலம் எந்த மனநோயும் மூன்றே அமர்வுகளில் தீரும் என்றது அது. கட்டணத்திற்காகக் காதுத் தோட்டை அடகு வைக்கவும் அவர் துணிந்திருந்தார்.

“சாமி, கூட்டிக்கிட்டுப் போகலாமா? பாவம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

பாவமா என்ற கேள்விக்கு விடை சொல்வது எளிது. காந்த சக்தி என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைத் திருப்பீடம் 1856இல் கண்டித்ததுண்டு. ஆயினும், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், மருத்துவர் சிகிச்சையின் பொருட்டு, அறிவியலும் அறநெறியும் கோரும் எச்சரிக்கையோடு கையாளும் அறிதுயிலை விலக்கவில்லை. எவரும் எதற்கும் கையாளலாம் என்று அவர் சொல்லவுமில்லை.

போகலாமா என்ற கேள்விக்குத்தான் என் நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், நேர்முகத் தேர்வு என்றாலே நடுங்கும் ஓர் இளைஞனை இத்தகைய ஒருவரிடம் நானே அனுப்பி வைத்தேன். ஒரு கருத்தரங்கில் அவர் பேசக் கேட்டிருந்தேன். இனிய பேச்சு, அறைச் சுவர் நிறையச் சான்றிதழ்கள். எங்கே பயின்றார், எதில் பதிவு பெற்றவர் என்று நான் கேட்கவில்லை. கோவில் மணி வாங்குவதற்கு மூன்று இடங்களில் விசாரித்த நான், ஒரு மனிதனின் மனத்தை ஒப்படைக்க ஓரிடத்திலும் விசாரிக்கவில்லை!

அவர் அந்த இளைஞனைக் கண்மூடச் செய்து, பயத்தின் வேரைச் சிறுவயதில் தேடினார். “அங்கே யார் நிற்கிறார்? உங்கள் சித்தப்பாவா?” என்று கேட்டாராம். நான்காம் அமர்வில், சித்தப்பா தன்னைப் பம்புசெட்டு அறையில் பூட்டி வைத்து அடித்ததை அவன் ‘கண்டான்’. அவன் சொன்ன ஆண்டில் அந்தச் சித்தப்பா மும்பையில் வேலையிலிருந்தார் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் கண்ட காட்சி அவன் மனத்தை விட்டு அகலவில்லை. அறிதுயிலில் தோன்றுவன எல்லாம் நினைவுகள் அல்ல. கேட்பவர் தம்மை அறியாமலே விதைத்தவையும் அங்கே முளைக்கும், அவற்றை மெய்யென நம்பும் உறுதியும் கூடவே வளரும் என்பதனை உளவியலார் நன்கு அறிவர். முற்பிறவியைக் காட்டுவோம் என்போரின் கதையும் இதுவே.

2014இல் பங்கு மக்களோடு புனித சவேரியாரின் திருவுடலைத் தரிசிக்கக் கோவா சென்றபோது, பனாஜியில் ஒரு சிலையைக் கண்டேன். மயங்கிச் சாயும் ஒரு பெண்ணின்மேல் கைகளை விரித்து நிற்கிறார் ஒரு குருவானவர். அவர் 1756இல் கோவாவின் கண்டோலிமில் பிறந்த அபே ஃபாரியா. பாரிஸ் நகரில் 1813 முதல் அறிதுயிலைப் பலரறியச் செய்து காட்டியவர். மெஸ்மர் கூறிய காந்தப் பாய்மம் என ஒன்றுமில்லை, துயிலின் காரணம் துயில்பவரின் உள்ளத்திலேயே இருக்கிறது என்பதே அவர் கண்ட உண்மை. சிலையின் முன் நின்றபோது அந்த இளைஞனின் முகம் என் நினைவில் எழுந்தது. சக்தி எதுவும் அந்தப் பேச்சாளரிடம் இல்லை. இளைஞனின் நம்பிக்கைதான் எல்லாவற்றையும் செய்தது. அந்த நம்பிக்கைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான்.

ஆகவே இப்போது நான் முதலில் கேட்பது ஒன்றே. அறிதுயிலை நீக்கிவிட்டால், இந்த நோய்க்குச் சிகிச்சை அளிக்க இவருக்குத் தகுதி உண்டா? மனநல மருத்துவராயின் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும். மருத்துவ உளவியலாளராயின் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கும். எண்ணைக் கேட்டால் தகுதியுள்ளவர் கோபங்கொள்ள மாட்டார். அறிதுயில் சிகிச்சையைப் பதிவு பெற்ற மருத்துவரோ முறையான பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் தெரிவித்தது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறையினர் மட்டுமே ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாம் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு.

துண்டுப் பிரசுரத்தில் ‘டாக்டர்’ இருந்தது. தாயின் எதிரிலேயே அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். பதிவு எண் கேட்டேன். வெளிநாட்டுச் சான்றிதழ் என்றார். அமர்வின் நடுவே வெட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன், வராது என்றார். தாய் உடனிருக்கலாமா என்றேன். கூடாது, சக்தி கலைந்துவிடும் என்றார். மும்மடங்கு தொகையை முன்னதாகக் கட்டினால் சலுகை உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். தாய் பிரசுரத்தை நான்காக மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டார்.

மறுவாரம் இருவரும் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். வெட்டு வருவது வலிப்பு நோயால் என்று பரிசோதனையில் தெரிந்தது, மாத்திரை கொடுத்தார்கள். உறக்கமின்மைக்கு மனநலப் பிரிவில் ஓர் அம்மையார் வாரந்தோறும் அவளோடு அமர்ந்து தகப்பனைப் பற்றிப் பேசச் செய்கிறார். அறிதுயில் தேவைப்படவே இல்லை. நெடுந்தொலைவு போக இயலாதவர்களுக்கு 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை உண்டு, தமிழிலேயே பேசலாம்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அந்தப் பழைய பங்கிற்குப் போயிருந்தேன். அண்ணன் குடும்பம் கோவிலின் இடப்புறமும் தம்பி குடும்பம் வலப்புறமும் அமர்ந்திருந்தன. பூசை முடிந்ததும் சித்தப்பா என்னிடம் வந்து தோத்திரம் சொன்னார். அந்த இளைஞன் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டிருந்தான்.