பதிவேட்டின் ஏழாவது கட்டம்

“வீட்டை வாடகைக்கு விடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? பூட்டுப்பெட்டியில் சாவி, கட்டிலில் வெள்ளை விரிப்பு, சுவரில் வைஃபை கடவுச்சொல். அவ்வளவுதானே!” ஹோம்ஸ்டே நடத்துவோர் கூட்டம் ஒன்றில் மேடையேறிய இளைஞர் ஒருவர் இப்படிச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், கெப்பாலா பத்தாஸில் தன் வீட்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டுப் பிழைத்து, இப்போது தொழிலை அண்ணன் மகனிடம் ஒப்படைக்க இருக்கும் அம்மாள். அக்கம்பக்கத்தில் ‘விடுதி அக்கா’ என்றால்தான் தெரியும். கூட்டத்தில் அவர் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பிய பிறகு அதைப் பற்றிப் பேசாத நாளில்லை.

பினாங்கு என்றதும் சுற்றுலாக்காரர் நினைப்பது தீவைத்தான். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ் டவுன், பத்து பெரிங்கி கடற்கரை, பினாங்கு மலை. கெப்பாலா பத்தாஸ் நிலப்பரப்புப் பக்கம், வட செபராங் பிறை. வயல், செம்பனை, வடக்கே மூடா ஆறு. வழி தப்பி இங்கே வந்து யாரும் தங்குவதில்லை. வருகிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். பெர்த்தாமில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்கு வருகிற ஆய்வாளர்கள், தெலுக் ஆயர் தாவார் முதல் குவாலா மூடா வரையிலான சேற்றுக்கரையில் வலசைப் பறவைகளைத் தேடி வரும் ஆங்கிலேயப் பெரியவர்கள், தைப்பூசத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து இடம் போதாமல் அறை கேட்கும் ஐரோப்பியத் தமிழர்கள். அக்காவின் வாடிக்கையாளர்கள் இவர்கள்தாம்.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சூலியா தெருவில் ஒரு பழைய விடுதியின் முன்மேசையில் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை. அவரைப் பற்றி ஆரம்பித்தால் அக்காவை நிறுத்த முடியாது. முதுகுப்பை சுமந்த வெள்ளைக்காரர்கள் மலிவு அறை தேடி அந்தத் தெருவை மொய்த்த காலம் அது. விருந்தினர் பதிவேடு வைக்கவேண்டும் என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பல விடுதிகளில் அது பெயருக்கு ஒரு நோட்டு. வந்தவரே கிறுக்கிவிட்டுப் போவார், ‘மிக்கி மவுஸ்’ என்றுகூட எழுதியிருப்பார்கள். கணக்கப்பிள்ளை பேனாவை விருந்தினர் கையில் கொடுத்ததே இல்லை. தானே எழுதுவார், அதுவும் ஏழு கட்டங்களில்: பெயர், நாடு, கடப்பிதழ் எண், வந்த தேதி, போகும் தேதி, அடுத்த ஊர், கடப்பிதழ் வெளியான தேதி.

பெயரைக் கேட்டு எழுதக்கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி. படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி அம்புக்குறிகளோடு ஓடுமே, அதைப் பார்த்துத்தான் எழுதவேண்டும். ஜெர்மன்காரர் பெயரில் எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி இருந்தால் கீழ்வரியில் அது ‘யூ, ஈ’ என்று இரண்டு எழுத்தாக விரியும். மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் போலத் தோன்றும். எல்லையில் இயந்திரம் படிப்பது கீழ்வரியைத்தான். இரண்டாவது விதி, படப் பக்கத்தோடு நிறுத்தாமல் குடிநுழைவு முத்திரை விழுந்த பக்கத்தையும் திருப்புவது. போகும் தேதி விருந்தினர் வாயிலிருந்து வரக்கூடாது, முத்திரையிலிருந்து வரவேண்டும். மூன்றாவது விதிதான் அக்காவுக்கு நெடுநாள் விளங்காதது. காலாவதியாகும் தேதியை எல்லாரும் பார்க்கிறார்கள், வெளியான தேதியை எதற்கு எழுதவேண்டும்? படத்துக்கு எத்தனை வயது என்று தெரியாமல் முகத்தை எப்படி ஒப்பிடுவாய் என்று திருப்பிக் கேட்பாராம். ஒரு கட்டம் விட்டுப்போனாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி எழுதவைப்பார். சம்பளத்தைக் கூட்டிக்கொடுத்தவர் இல்லை, வாய்விட்டுப் பாராட்டியவரும் இல்லை. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒழிந்து ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் வாடகை எகிறியது. அக்கா ஏழு கட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறிச் சொந்த ஊருக்கு வந்துவிட்டார்.

ப்ரெக்ஸிட் இந்தக் கதைக்குள் வருவது ஏழாவது கட்டத்தின் வழியாக.

2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் வாக்களித்தது. மறுநாளே பவுண்டு 1985-க்குப் பிறகு டாலருக்கு எதிராகக் காணாத மட்டத்துக்கு விழுந்தது. கெப்பாலா பத்தாஸில் அதன் அடையாளம் சின்னதாகத்தான் இருந்தது. ஆங்கிலேயர்கள் பசியாறும் மேசையில் ரிங்கிட் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஏழு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து அறைகள் காலியாகின. அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் ப்ரெக்ஸிட்டின் இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. அப்போது பார்க்க விருந்தினரே இல்லை. 2022 ஏப்ரல் 1-இல் எல்லை திறந்தபோது வந்தவர்கள் பழைய முகங்கள், கையிலிருந்த காகிதங்கள்தாம் வேறு. சிவந்த அட்டைக்குப் பதிலாகச் சிலரிடம் நீலக் கடப்பிதழ். ஐரோப்பாவை விட்டு விலகிய பெருமைக்கு அச்சான அந்த நீலப் புத்தகம் தயாரானது ஐரோப்பிய ஒன்றிய நாடான போலந்தில்.

ஷெங்கன் கணக்கை இங்கே விளக்கவேண்டியதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பார் அக்கா. தெரியாது என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னால் நம்பமாட்டார். எல்லையை ஒன்றாக்கிக்கொண்ட அந்த ஐரோப்பிய நாடுகளில், எந்த நாளில் நின்று திரும்பிப் பார்த்தாலும் கடந்த 180 நாளில் 90-க்கு மேல் தங்கியிருக்கக்கூடாது, நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும். 2021 முதல் பிரிட்டிஷ்காரர்களுக்கும் இதே கணக்குத்தான். மலேசியாவில் அவர்களுக்கு ஒவ்வொரு நுழைவுக்கும் 90 நாள். இரண்டு இடத்திலும் 90 என்ற ஒரே எண் வருவதால் குழப்பம். ஸ்பெயினில் சொந்த வீடு வைத்துக்கொண்டு முன்பு குளிர்காலம் முழுவதும் அங்கே கழித்துவந்த ஒரு தம்பதியர், அங்கே நாள் தீர்ந்ததும் மிச்சக் குளிரைக் கழிக்கப் பறவைக் கண்ணாடியோடு இங்கே வந்தார்கள். அந்த வீட்டை இவர்கள் இல்லாத மாதங்களில் வாடகைக்கு விடுகிறார்கள். ஒன்றிய நாட்டுக்காரராக இருந்தவரை செலவு போக மிஞ்சியதில் 19 விழுக்காடு வரி. வெளியேறிய பின் வந்த வாடகை மொத்தத்துக்கும் 24 விழுக்காடு, கழிவு கிடையாது என்றானது. அவர்களும் வீட்டுக்காரர்கள், அக்காவும் வீட்டுக்காரர். பேச்சுக்குப் பஞ்சமில்லை.

ஏழாவது கட்டத்தின் அருமை இன்னொரு பறவைக்காரர் வந்தபோது தெரிந்தது. பிரிட்டன் 2018 செப்டம்பர் வரை, கடப்பிதழைப் புதுப்பிப்பவருக்குப் பழையதில் மிச்சமிருந்த மாதங்களையும், அதிகபட்சம் ஒன்பது வரை, சேர்த்துக் கொடுத்துவந்தது. அதனால் பத்தாண்டுக் கடப்பிதழ் பத்தாண்டு ஒன்பது மாதம்வரை ஓடும். மலேசியா பார்ப்பது காலாவதித் தேதிக்கு ஆறு மாதம் இருக்கிறதா என்பதை. ஷெங்கன் நாடுகள் பார்ப்பது வேறு: நுழையும் நாளில் அது வெளியாகிப் பத்தாண்டு தாண்டியிருக்கக்கூடாது, கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லவேண்டும். ஒன்றியத்தில் இருந்தவரை இந்த விதி பிரிட்டிஷ்காரரைத் தொடவில்லை. வெளியேறியதும் தொட்டது. அந்தப் பறவைக்காரரின் கடப்பிதழில் காலாவதிக்கு மாதங்கள் மிச்சம், ஆனால் வெளியான தேதிக்கு அடுத்த வாரம் பத்தாண்டு நிறைகிறது. அடுத்த ஊர் என்ற கட்டத்தில் பிராங்க்பர்ட். அங்கே மகள் வீட்டில் தங்கிப் போவதாகத் திட்டம். ஆறாவது கட்டத்தையும் ஏழாவது கட்டத்தையும் ஒரே கையால் எழுதியதால்தான் அக்காவின் பேனா நின்றது. விருந்தினர் பயணச்சீட்டை மாற்றி நேரே லண்டனுக்குப் போனார். சொந்த நாட்டுக்குள் நுழைய அந்தக் கடப்பிதழுக்குத் தடையில்லை. பூட்டுப்பெட்டி இதைச் சொல்லியிருக்குமா என்பது அக்காவின் கேள்வி.

இரட்டைக் கடப்பிதழ் இன்னொரு தலைவலி. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் போதும், ப்ரெக்ஸிட்டுக்குப் பிறகு பலர் அயர்லாந்துக் கடப்பிதழும் எடுத்துவைத்திருக்கிறார்கள். முன்பதிவில் பிரிட்டிஷ் என்று இருக்கும், கையில் நீட்டுவது அயர்லாந்துடையது. எதைப் பதிவது? மலேசியாவுக்குள் எதைக் காட்டி நுழைந்தாரோ, மின்னியல் வருகை அட்டையில் எந்த எண்ணைக் கொடுத்தாரோ, அதை. மற்றதைப் பைக்குள் வைக்கச் சொல்லவேண்டும். கேட்டால் சின்ன விஷயம். தானியங்கி வாயில் வழியாக முத்திரையே இல்லாமல் வருகிறவரிடம் இதைக் கேட்டறிவதற்குப் பேச்சுச் சாமர்த்தியம் வேண்டும், காவல்துறை விசாரணைபோல இருக்கக்கூடாது.

தமிழ் விருந்தினர்களிடம் சிக்கல் வேறு வடிவில் வரும். இலங்கையிலிருந்து போய் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் பிரான்சிலும் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களில் பல, ஒன்றியச் சலுகையில் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தன. கணவரிடம் பிரிட்டிஷ் கடப்பிதழ், மனைவியிடம் டச்சு, மாமியாரிடம் பிரெஞ்சு என்று ஒரே குடும்பம் வந்து இறங்கும். 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்தவர்களுக்கு இங்கிலாந்தில் வாழும் உரிமை உண்டு. அதற்குக் கையில் பிடிக்க அட்டை கிடையாது, கணினியில் கடப்பிதழ் எண்ணோடு கட்டியிருக்கும். விடுமுறைக்கு முன் புதுக் கடப்பிதழ் எடுத்துவிட்டு எண்ணை மாற்றாமல் வந்தால், திரும்பும் விமானத்தில் ஏற்றத் தயங்குவார்கள். “அக்கா, உங்கட வைஃபை நல்லா வேலை செய்யுதோ?” என்று ஓர் அம்மா பதறிக் கேட்டபோது அவர் படம் பார்ப்பதற்காகக் கேட்கவில்லை. தோசை ஆறிப்போக, அந்த எண்ணைத் திருத்தி முடிக்கும்வரை அக்காவும் மேசையை விட்டு எழவில்லை.

பாரிஸ் உறவினர்கள் லண்டன் கல்யாணத்துக்கு அடையாள அட்டையோடு ரயிலேறிய காலமும் 2021 அக்டோபர் 1-ஓடு முடிந்தது. அடி விழுந்தது இங்கிலாந்துக் கடலோர ஊர்களில் ஐரோப்பிய மாணவர்களுக்கு இடம்கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்கு. வகுப்பில் கடப்பிதழ் இல்லாத பிள்ளைகள் இருந்தால், அயர்லாந்துக்குக் கூட்டிப்போவது ஆசிரியருக்கு எளிது. பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு 2023 டிசம்பர் 28 முதல் விலக்கு வந்தது. 2025 ஏப்ரல் 2 முதல் பிரிட்டன் போக ஐரோப்பியர்களுக்கும் மின்னியல் முன்னனுமதி கட்டாயம். பத்துப் பவுண்டாக இருந்த கட்டணம் ஒரே வாரத்தில் பதினாறானது. மலேசியர்களுக்கு அது ஜனவரி 8-இலேயே வந்துவிட்டது. இன்னொரு செய்தியை அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். பிரிட்டனின் 1972-ஆம் ஆண்டு விடுதிப் பதிவு ஆணைப்படி, காமன்வெல்த் நாட்டவரிடம் பெயரும் நாடும் கேட்டால் போதும். பிரெஞ்சுக்காரரிடமும் ஜெர்மானியரிடமும் கடப்பிதழ் எண்ணும் அடுத்த ஊரும் கேட்கவேண்டும். பினாங்குத் தமிழர் பிரைட்டனில் அறை எடுத்தால் அந்தக் கேள்வி இல்லை.

இத்தனையும் சொன்னால் அண்ணன் மகன் கைப்பேசியைக் காட்டுகிறார். முன்பதிவுத் தளம் பெயரை வாங்கிவிடுகிறது. வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் என்று 2017 முதல் இருக்கும் சுற்றுலா வரியையும் 2023 முதல் தளங்களே பிடித்துக் கட்டுகின்றன. கடப்பிதழைப் படம் பிடித்து அனுப்பினால் பூட்டின் எண் போய்ச் சேர்கிறது. அத்தை எதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதவேண்டும்? படத்தை யாராவது பார்க்கிறீர்களா என்று அத்தை கேட்கிறார். பதில் வருவதில்லை. அடுக்குமாடிகளில் ஆள்மாறி ஆள் வந்துபோக, யார் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாத நிலை வந்தது. குறுகியகால வாடகையைத் தடுக்க அடுக்குமாடி நிர்வாகங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வரக் காரணமே முகம் பார்க்காத வீட்டுக்காரர்கள்தாம் என்பது அக்காவின் கட்சி. அதோடு நிற்கமாட்டார். விரிப்பை வெயிலில் காயப்போடுவதில்லை, பசியாற ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள், தண்ணீர்ச் சூடேற்றியின் சுவிட்ச் எங்கே என்பதற்கு ஒரு காணொளி அனுப்புகிறார்கள். பட்டியல் நீளும்.

ஐரோப்பாவும் முத்திரையைக் கைவிடத் தொடங்கியது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்து நாளை இயந்திரமே எண்ணத் தொடங்கியது. இனி யாரும் விரல்விட்டு எண்ணவேண்டாம் என்கிறார்கள். இயந்திரம் சொல்வது எல்லைக்குப் போய் நின்ற பிறகு. அக்கா சொல்வது சாவி கொடுப்பதற்கு முன்னால், மாற்றிக்கொள்ள நாள் இருக்கும்போது. இரண்டும் ஒன்றல்ல.

தொழிலைக் கைமாற்ற அண்ணன் மகனிடம் அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். பூட்டுப்பெட்டி இருக்கட்டும், பதிவேடும் இருக்கவேண்டும். தீவிலும் நிலப்பரப்பிலும் அறை விடுகிற மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறார். சேர்த்துக் கொடுத்த மாதங்களோடு 2018-இல் வெளியான பிரிட்டிஷ் கடப்பிதழ்களுக்குப் பத்தாண்டு நிறைவது 2028-இல். அதுவரை இப்படிப்பட்டவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வெளியான தேதியை ஒரு தரம் கேளுங்கள், அடுத்த ஊர் எது என்றும் கேட்டுவிடுங்கள்.